முயல் குட்டியின் நிறமும் பாரம்பரியமும்



கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில், மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்தில் சாம்பல் நிற 'சோவியத் சின்சில்லா' முயலும், 'ஒயிட் ஜெயண்ட்' என்னும் வெள்ளை முயலும் வளர்க்கப்பட்டு வந்துள்ளன. இத்தகைய முயல்களை வாங்கி வளர்ப்போருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. சாம்பல் நிற ஜோடிக்கு வெள்ளைக் குட்டி பிறந்தால், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று வழக்காடலாமா?

ஒவ்வொரு குட்டியும் நிறத்திற்குரிய ஜீன்களில் ஒன்றைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றது. முழு வெண்மைக்குரிய ஜீன், நிறம் தரும் ஜீனுக்கு முன் அடங்கி மறைந்திருக்கும். அதனை மறைவாகத் தாங்கிய இரு முயல்கள் சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிகளுக்கு ஒன்று வெள்ளையாகப் பிறக்கும். 1866-ல் மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு வெளியிட்ட நியதியே இது. ஆகவே, விற்றவரும் இதனை அறியாதிருந்திருக்கலாம்.

ஐயமுள்ள முயலைச் சிவந்த கண்ணுடைய வெள்ளை முயலுடன் சேர்த்துச் சோதியுங்கள். ஏறக்குறைய 31 நாட்களில் குட்டிகள் ரோமமின்றிப் பிறக்கும்; சில நாட்களில் நிறம் புலப்படும். ஒன்று வெள்ளையாயினும் மறைந்த ஜீன் உண்டு என்பது திண்ணம். எட்டுக் குட்டிகளும் நிறமுடையனவாயின், அஃது இல்லையென்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

ஈன்ற நாள், தாய் தந்தை, குட்டிகளின் நிறம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வாருங்கள். நிறத்தை மட்டும் நாடி உடன்பிறந்தவற்றை இணைத்தல் இனத்தை நலிவிக்கும். வளர்ச்சியும் ஆரோக்கியமுமே முதன்மையானவை.