வீட்டுக் கம்ப்யூட்டரின் சாவி யார் கையில்?

(ஓசூரில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சூளகிரிப் பக்கத்துத் தோழர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பூந்தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். கல்லூரியில் படிக்கும் மகளுக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். "கடிதம் எழுத, கணக்குப் போட ஆபீஸ் மென்பொருள் வேண்டுமாம் தோழர். கடைக்காரர் வருஷா வருஷம் சந்தா கட்டச் சொல்கிறார். முடியாவிட்டால் கள்ளப் பிரதி போட்டுத் தருகிறாராம். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

இது அவர் ஒருவரின் கேள்வியா? இல்லை. சிப்காட்டில் ஷிப்ட் முடித்துத் திரும்பும் எத்தனையோ பேரின் கேள்வி.

முதலில் சந்தா விஷயம். மைக்ரோசாப்ட் 365 என்பது வாடகை வீடு மாதிரி. சந்தா தீர்ந்து கெடுவும் கடந்துவிட்டால், அந்த மென்பொருளில் பழைய கடிதத்தைப் படிக்கலாம், அச்சடிக்கலாம். ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. கேழ்வரகு விளைத்தது நாம், கிடங்கின் சாவி இன்னொருவரிடம்! ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் வகையும் உண்டு. ஆனால் கூலிக்காரர் பைக்கு அது பெரும் பாரம்.

கள்ளப் பிரதியோ நமக்கு வேண்டவே வேண்டாம். தெரிந்தே அதைப் பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். பூட்டை உடைத்துத் தந்தவன் கூடவே வைரஸையும் நுழைத்திருக்கலாம்.

மூன்றாவது வழி இருக்கிறது. அதன் பெயர் லிப்ரே ஆபீஸ். கடிதத்துக்கு ரைட்டர், கணக்குக்கு கால்க், படக்காட்சிக்கு இம்ப்ரஸ். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதலாம். நம் எல்லைப் பகுதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இலவசம் என்றால் மட்டமா என்று சிலர் கேட்பார்கள். இதன் கதையைக் கேளுங்கள். ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபீஸை 1999-இல் சன் கம்பெனி வாங்கியது. 2000-இல் அதன் மூல நிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதுதான் ஓபன் ஆபீஸ். 2010-இல் ஆரக்கிள் கம்பெனி சன்னை வாங்கியது. அதை உருவாக்கிவந்தவர்களில் பலர் அதே ஆண்டில் தனியே பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். முதலாளி மாறினான், உழைப்பு பறிபோகவில்லை. காரணம், அந்த நிரலை யாரும் எடுத்து வளர்க்கலாம் என்ற உரிமை! விலையில்லை என்பதைவிட இந்த உரிமையே பெரிது.

நம் மாநிலத்துக்கும் இது புதிதல்ல. உமாசங்கர் தலைமையில் இருந்தபோது, 2007-ஆம் ஆண்டுவாக்கில் எல்காட் நிறுவனம் தன் அலுவலகத்தை சூசி லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றியது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியொன்று தூசி படிந்து கிடக்கலாம். எடுத்துத் திறந்து பாருங்கள்!

குறையையும் மறைக்கக் கூடாது. எக்ஸெல்லில் மேக்ரோ போட்ட கணக்குகள் இதில் சரியாக ஓடாமல் போகலாம். வேர்டில் செய்த படிவத்தின் அமைப்பு சற்றுக் கலையலாம். எனவே பிறருக்கு அனுப்பும்போது அவர்கள் கேட்கும் வடிவில் சேமியுங்கள். திருத்தத் தேவையில்லாததை பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். வேலைக்கு எக்ஸெல்தான் தெரிய வேண்டும் என்றால், இணையத்தில் மைக்ரோசாப்டே இலவசமாகத் தரும் சுருக்கமான வகையில் பழகிக்கொள்ளலாம்.

லிப்ரே ஆபீஸை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். செல்போனில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் டேட்டாவே போதும்.

அந்தத் தோழருக்கும் இதையேதான் சொன்னேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு பிரதி கொடுக்கலாமா?" என்றார். தாராளமாகக் கொடுக்கலாம், தோழர்களே! அதற்குத் தடையில்லை.