தோற்ற பிள்ளை துரோகி அல்ல

(கோடைகால விளையாட்டுப் பயிற்சி முகாமின் நிறைவு நாளில், பெற்றோர்களும் பயிற்சியாளர்களும் கூடியிருந்த அவையில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெற்றோர்களே, ஜமாஅத் பெரியவர்களே, வெயிலைப் பாராமல் இருபது நாள் இந்தப் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்ற பயிற்சியாளர் தம்பிகளே, அறக்கட்டளையின் சார்பில் உங்கள் அனைவருக்கும் நன்றி. பரிசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் 'போர்'.

சென்ற வாரம் நடந்த கால்பந்து ஆட்டத்தில் பெனால்டி உதையைத் தவறவிட்ட ஒரு பிள்ளையை அவன் கூட்டாளிகளே 'துரோகி' என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாள் அவன் மைதானத்துக்கும் வரவில்லை, மக்தபுக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் அவன் அத்தாவுக்கே காரணம் தெரியவில்லை. விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து, 'இது விளையாட்டு இல்லை, போர். நாம் பத்ருக் களத்தில் நின்ற 313 பேர்' என்று ஊக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறது. சொன்ன தம்பி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு, அஸருக்குப் பிறகு ஒரு ரூபாய்கூட வாங்காமல் வந்து சொல்லிக்கொடுக்கிறவர் அவர். அவரைக் குறை சொல்ல நாம் இங்கே கூடவில்லை. ஆனால் ஒன்றைப் போர் என்று சொல்லிவிட்டால், துரோகி என்ற சொல் தானாகவே அதன் பின்னால் வந்து நின்றுவிடும். ஆட்டத்தில் தோற்றவன் உண்டு, அன்றைக்குச் சரியாக ஆடாதவன் உண்டு. துரோகிக்கு அங்கே வேலையே இல்லை.

(அந்தப் பிள்ளையும் இன்று வந்திருக்கிறான். யாரென்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.)

இந்தப் பழக்கம் கம்பத்திலோ சின்னமனூரிலோ பிறந்ததல்ல. 1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்து அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன பயிற்சியாளர் ரைனஸ் மிஷெல்ஸ், கால்பந்து போரைப் போன்றது என்று சொன்னதாக உலகமெங்கும் சொல்கிறார்கள். 'ஜெனரல்' என்பதே அவருக்குப் பட்டப்பெயர். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஜான் புகானன், பழஞ்சீனப் போர்நூல் ஆசிரியர் சுன் சூவின் கருத்துகளைத் தம் வீரர்களுக்கு எடுத்துச் சொன்னவர். நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் 'பழி தீர்க்குமா?', 'வாழ்வா சாவா?' என்று தலைப்புப் போடாத நாள் இல்லை. பெரியவர்கள் பேசுவதைத்தான் பிள்ளைகள் பேசுகிறார்கள்.

மொழியிலேயே இது கலந்துதான் கிடக்கிறது. இரண்டு அணிகள் 'மோதுகின்றன' என்கிறோம். கபடியில் 'ரெய்டு' போகிறோம். சதுரங்கத்தில் சிப்பாயும் யானையும் குதிரையும் இருக்கின்றன. அதையெல்லாம் துடைத்துப் போடச் சொன்னால் வாயைத் திறக்கவே முடியாது. அப்படி யாரும் கேட்கவும் இல்லை. குதிரையை வெட்டுகிற பையன் எதிரில் உட்கார்ந்திருப்பவனை வெறுப்பதில்லை. எதிரில் நிற்கும் மனிதனை எதிரியாகவும், பக்கத்தில் நிற்பவனைச் சந்தேகத்துக்குரியவனாகவும் ஆக்குகிற பேச்சைத்தான் சொல்கிறோம்.

அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை நம் வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றது. பதினொரு பேரும் சேர்ந்து தோற்ற ஆட்டம் அது. ஆனால் சமூக வலைத்தளங்களில் முகமது ஷமி ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு, அவருடைய மார்க்கத்தைச் சொல்லி, துரோகி என்று ஏசினார்கள். நாட்டுக்காக எத்தனையோ ஆட்டங்களை வென்று கொடுத்தவர் அவர். அன்றைய கேப்டன் விராட் கோலி செய்தியாளர்கள் முன்னால் அவர் பக்கம் உறுதியாக நின்று பேசினார். அதற்காகக் கோலியின் கைக்குழந்தைக்கே மிரட்டல் வந்தது. ஷமிக்காக வருத்தப்பட்ட நாம், அதே சொல்லை நம் மைதானத்தில் நம் பிள்ளை மேல் வீச இடம் கொடுக்கலாமா?

இன்னொரு நாளும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1999 ஜனவரி 31, சென்னை சேப்பாக்கம். பாகிஸ்தான் அணி வரக்கூடாது என்று தில்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. இந்தியாவுக்கு வெற்றி இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்துக் கரை வரை கொண்டுவந்தார். அவரை வீழ்த்தினார் சக்லைன் முஷ்தாக். கடைசி விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்து 258 ஓட்டங்களில் எல்லோரும் அவுட். பன்னிரண்டே ஓட்டங்களில் தோல்வி. சேப்பாக்கத்தில் கூடியிருந்தவர்கள் ஒரு கணம் வாயடைத்துப் போனார்கள். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது, கைதட்டல் அவர்களோடு சேர்ந்து சுற்றி வந்தது. எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுத்து வந்த கைதட்டல் இல்லை அது. நம் தமிழ்நாட்டு மக்கள் செய்தது.

அதே ஆண்டு கார்கிலில் உண்மையான போர் வந்தது. தாய்மார்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். போர் என்றால் அதுதான். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 உயிர்களைப் பறித்த கொடுமைக்குப் பிறகு, அந்த ஆண்டு ஆசியக் கோப்பையில் இரு நாட்டு அணிகளும் மூன்று முறை ஆடியும் ஒரு முறைகூடக் கைகுலுக்கவில்லை. அது நாடுகளின் துக்கமும் கோபமும் கலந்த விவகாரம், அதற்குள் நாம் போகவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பக்கத்துத் தெருப் பிள்ளையோடு ஆடிவிட்டு நம் பிள்ளை கைகொடுக்காமல் வருவதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்பதுதான் நம் கேள்வி.

போரைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை இவ்வளவு லேசாகச் சொல்வதில்லை. இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டிய ஆஸ்திரேலிய வீரர் கீத் மில்லர், கிரிக்கெட்டில் நெருக்கடி இருக்கிறதா என்று கேட்டபோது, முதுகுக்குப் பின்னால் ஜெர்மன் போர் விமானம் வருவதுதான் நெருக்கடி, கிரிக்கெட்டில் அப்படி எதுவும் இல்லை என்று பொருள்படச் சொன்னார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் தேனி மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் காதுபட ஒரு கால்பந்து ஆட்டத்தைப் போர் என்று சொல்ல நமக்கு நா எழ வேண்டுமா? அந்தப் போரின் நடுவில், 1996இல், கொழும்பில் குண்டு வெடித்ததும் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் அங்கே உலகக் கோப்பை ஆட வர மறுத்தன. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகக் கொழும்புக்குப் போய் இலங்கையோடு ஆடின. தலைமை அசாருதீன். அக்ரம் பந்து வீச, டெண்டுல்கர் கேட்ச் பிடிக்க, களுவிதாரண அவுட். பிள்ளைகளுக்குச் சொல்ல இப்படியும் கதைகள் இருக்கின்றன.

இப்போது பத்ருக்கு வருவோம். அன்று நம் பிள்ளைகளுக்கு எதிராக ஆடியவர்கள் யார்? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறவர்கள், பெருநாளைக்கு நம் வீட்டில் பிரியாணி சாப்பிடுகிறவர்கள். நாம் 313 என்றால் அவர்கள் யார் என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால் என்ன பதில் இருந்திருக்கும்? பத்ரு பிழைக்க வழியில்லாமல் ஊரைவிட்டு வந்தவர்களின் களம். அதைக் கோப்பைக்கும் மெடலுக்கும் இழுத்து வருவது அந்தத் தியாகத்தையே சிறுமைப்படுத்துவதாகும்.

உஹதைச் சொல்லிக்கொடுக்கும் தம்பிகளும் இருக்கிறார்கள். வில்வீரர்கள் குன்றைவிட்டு இறங்கியதால் வந்த இழப்பைச் சொல்லி, 'உன் இடத்தை விட்டு நகராதே' என்பார்கள். பாடம் சரிதான், ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகும் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கடுகடுக்கவில்லை. அந்த மென்மை அல்லாஹ்வின் அருள் என்றும், அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் ஆல இம்ரான் சூராவில் வருகிறது. உண்மையான போரில், உண்மையான தவறுக்கே அப்படி. பெனால்டியைத் தவறவிட்ட பையனுக்கு எப்படி?

விளையாட்டுத் தோல்விக்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. நபியவர்களின் ஒட்டகம் அள்பாவைப் பந்தயத்தில் எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் ஒரு நாட்டுப்புற அரபியின் இளம் ஒட்டகம் முந்திவிட்டது. தோழர்களுக்குப் பொறுக்கவில்லை. நபியவர்களோ, உலகில் உயர்ந்த எதையும் ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று சொன்னதாக புகாரியில் வருகிறது. அந்த அரபியை யாரும் எதிரி என்று சொல்லவில்லை.

பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறோம். நம் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் போர்க்களப் பேச்சு கிடையாது. தவறு செய்த பிள்ளையிடம் பேசுவது பயிற்சியாளரின் வேலை, அதையும் தனியாக அழைத்துத்தான் பேசுவார். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் கலந்து உட்கார்ந்து சர்பத் குடித்துவிட்டுத்தான் கலைய வேண்டும், செலவு அறக்கட்டளையுடையது. கோட்டுக்கு வெளியே நின்று 'விடாதே, காலை உடை' என்று கத்துகிற அத்தாமார்களும் மாமாமார்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த முறை உங்களையும் கோட்டைவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்வோம், வருத்தப்படக் கூடாது.

இந்த மே மாதம் பெரியகுளத்தில் வழக்கம்போல அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. ராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளெல்லாம் வந்து ஆடிய போட்டி அது. போர் செய்யவே பயிற்சி பெற்றவர்கள் எப்படி விளையாடுகிறார்கள், தோற்றால் எப்படிக் கைகொடுக்கிறார்கள் என்று நம் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். மூத்த பிள்ளைகளை ஒரு மாலை வேனில் அழைத்துப் போகிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். பெற்றோர் கையெழுத்து அவசியம். அந்தப் பெனால்டி ஆட்டத்தின் எதிரணிப் பிள்ளைகளுக்கும் ஆறு இடங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.