மலைக்கு உறவான மருத்துவர்

காவிரிக்கரையை அடுத்துக் கோபிநத்தம் என்று ஒரு சிற்றூர் உண்டு. ஒகேனக்கலுக்குச் செல்வோர் ஆற்றுக்கு அக்கரையில் காண்கின்ற காட்டுக்குள்ளே, மாதேசுவரன் மலைப்பக்கத்தில் அவ்வூர் இருக்கிறது. இன்று அது கருநாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1956-க்கு முன்போ, கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்தது. ஆகவே அங்கே தமிழ் ஒலிப்பதில் வியப்பில்லை. ஆயினும் கோபிநத்தம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன சந்தன மரமும் துப்பாக்கியுமே. அவ்வூரில் பிறந்த ஒருவனைப் பற்றிச் செய்தித்தாள்கள் பல்லாண்டுகள் எழுதித் தீர்த்தன. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறொருவரைப் பற்றி. அதே மலைநாட்டில், அதே ஆண்டுகளில், மருந்துப் பையோடு நடந்த ஒரு டாக்டரைப் பற்றி.

அவரிடம் செல்லுமுன் கோபிநத்தத்திலேயே சற்று நிற்போம். அங்கே பணியாற்றிய வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ், ஊராருக்கு மருந்து கிடைக்க ஏற்பாடு செய்தார். அவர்களுடைய மாரியம்மன் கோயில் எழவும் துணைநின்றார். 1991 நவம்பர் 10ஆம் நாள் அவர் காட்டில் கொல்லப்பட்டார். ஊர் இன்றளவும் அவரைப் போற்றுகிறது. அவர் மருத்துவம் கற்றவர் அல்லர். கல்லாத ஒருவர் தந்த மருந்தையே இம்மக்கள் மறக்கவில்லையென்றால், கற்ற ஒருவர் வந்து தங்கியே விட்டால் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை, கோபிநத்தத்துக்கு மேற்கே பிலிகிரிரங்கன் மலையில் இருக்கிறது.

அங்கே வந்து தங்கியவர் டாக்டர் ஹ. சுதர்சன். 1950-ல் பிறந்தவர், பெங்களூரை அடுத்த யெமலூர்க்காரர். பன்னிரண்டு வயதில் தம் தந்தை வைத்திய உதவி கிட்டாமல் இறந்ததைக் கண்டார். வீட்டுக்குள் நேர்ந்த அந்தச் சாவே அவரை வைத்தியப் படிப்புக்கு அனுப்பியது எனலாம். 1973-ல் பெங்களூர் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டம் பெற்ற இளைஞர்க்கு நகரத்தில் தொழிலும் கடல் கடந்த வாய்ப்பும் காத்திருந்தன. அவர் இராமகிருஷ்ண இயக்கத்தின் வைத்தியத் தொண்டில் சேர்ந்தார். பின்னர், 1980ஆம் ஆண்டு வாக்கில், பிலிகிரிரங்கன் மலைமேல் ஏறினார்.

அம்மலையில் வாழ்வோர் சோலிகர். சத்தியமங்கலம் பக்கத்தில் நாம் சோளகர் என்று அழைப்பது இவர்களையே. காட்டைத் திருத்திக் கேழ்வரகு விதைத்து, சில ஆண்டுகளில் அவ்விடத்தை விட்டு வேறிடம் செல்வது இவர்களுடைய பழைய உழவு. 1974-ல் அக்காடு வனவிலங்குச் சரணாலயமானது, அவ்வுழவும் நின்றது. வெளியிலிருந்து வருகிறவன் எதையாவது எடுத்துக்கொண்டு போகவே வருவான் என்பது அவர்கள் பட்டறிவு. எனவே சட்டை அணிந்த மனிதரைக் கண்டால் மரங்களுக்கிடையே மறைந்து விடுவர். டாக்டரைக் கண்டும் அவ்வாறே மறைந்தனர். நோயாளி ஓடி ஒளிகிற இடத்தில் வைத்தியர் என்ன செய்ய இயலும்? காத்திருக்கத்தான் வேண்டும். அவர் காத்திருந்தார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். அம்மலை மேலுள்ள ரங்கநாதரைச் சோலிகர் ‘பாவா’ என்று அழைக்கிறார்கள். அக்காள் கணவனையும் மைத்துனனையும் அழைக்கும் சொல் அது. தங்கள் குலத்துப் பெண்ணொருத்தியை அவர் மணந்துகொண்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. தெய்வத்தையே உறவுமுறை சொல்லி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவரிடையே ‘டாக்டர்’ என்னும் பட்டத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? உறவு இருந்தால்தான் வாசலில் இடம். பாம்புக் கடியும் கரடிக் காயமும் அம்மலையில் அரியன அல்ல. அத்தகைய வேளைகளில் உடனிருந்து, சிறுகச் சிறுக அந்த உறவை அவர் ஈட்டினார். 1981-ல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் என்னும் தொண்டு நிலையம் அங்கே தோன்றியது.

கற்பிக்கச் சென்றவர் கற்கவும் செய்தார் என்பதே நமக்கு மிகவும் பிடித்த பகுதி. சோலிகப் பெண்கள் குந்தியிருந்து பிள்ளை பெறுவது வழக்கம். கல்லூரியில் படித்ததோ மல்லாந்து படுக்கவைக்கும் முறை. எடையும் மண்ணை நோக்கி இழுக்கும் விசையும் சேர்ந்து உதவும்போது, படுக்கவைப்பது ஏன் என்று அவர் எண்ணினார். அவர்கள் வழக்கத்தைப் பழிக்காமல் ஏற்றார். அவர்களுடைய பச்சிலை அறிவையும் அவ்வாறே மதித்தார்.

உறவு என்றோம். குருதியுறவின் வழியே வருகின்ற நோயும் ஒன்று அங்கே இருந்தது. சோலிகரிடையே காணப்படும் அச்சோகையில், இரத்தத்தின் சிவப்பணுக்கள் கதிர் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய நாளங்களில் சிக்கிக்கொள்ளும். மூட்டும் எலும்பும் தாங்கொணாது வலிக்கும். தாய் தந்தை இருவரிடமும் அக்குறை மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தை பெரும்பாலும் நலமாயிருக்கும். மலேரியாவின் கடுமையிலிருந்து அதற்கு ஓரளவு காப்பும் உண்டு. மலேரியா மிகுந்த காடுகளில் இக்குறை நிலைத்துவிட்டதன் காரணம் அதுவே. இத்தகைய நோய்க்கு ஊசி போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிற வைத்தியர் பயன்படார். யார் மகளை யார் மகன் மணக்கிறான் என்பதுவரை அறிந்தவரே பயன்படுவார். நடுவண் அரசு இச்சோகையை ஒழிக்க நாடளாவிய இயக்கம் தொடங்கியது 2023-ல்தான்.

மலையடிவாரத்து யளந்தூர் வட்டத்துக்கும் அவர் பணி இறங்கியது. கருணா டிரஸ்ட் என்னும் அமைப்பு 1986-ல் தொடங்கப்பட்டது தொழுநோயை எதிர்க்கவே. அப்போது அவ்வட்டத்தில் ஆயிரம் பேரில் இருபது பேருக்குமேல் அந்நோய் இருந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் புதுமுறையை வீடு வீடாகக் கொண்டு சென்றனர். 2005-க்குள் அது ஆயிரத்துக்கு ஒன்றினும் கீழே இறங்கிற்று. தொழுநோயைத் தேடிச் சென்ற இடத்தில் வலிப்பு நோயும் தென்பட்டது. அதிலும் ஒரு விந்தை. தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் சிலர்க்கு வலிப்பு வரும். தென்னாட்டில், சிறப்பாக மைசூர்ப் பகுதியில், இவ்வகை மிகுதி. பேய் என்று பயந்த குடும்பத்துக்கு, “நீரின் சூட்டைக் குறையுங்கள், சொன்ன மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள்” என்பதே பாதி வைத்தியம். அதைச் சொல்ல ஒருவர் அருகில் இல்லாததால் எத்தனை பேர் அடுப்பிலும் கிணற்றிலும் விழுந்திருப்பர்!

1994-ல் சுவீடன் நாட்டு நல்வாழ்வுரிமைப் பரிசும், 2000-ல் பத்மஸ்ரீயும் அவருக்கு வந்தன. அவற்றைச் சொல்லிக் கடந்து செல்வோம். 1996-ல் கும்பள்ளி என்னும் ஊரின் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கருணா டிரஸ்ட் ஏற்று நடத்தலாயிற்று என்பது பரிசுகளினும் பெரிய செய்தி.

நேயர்களில் ஒருவர் கேட்கக்கூடும்: “துறவு மனம் கொண்டவர் காட்டில் வாழலாம்; குடும்பம் உடையவர்க்கு இது ஆகுமா?” நியாயமான கேள்வி. காவிரிக்கு இக்கரையில், தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் அதற்கு விடை இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்னும் தம்பதியர் 1993-ல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினர். தங்கள் பிள்ளைகளையும் அவ்வூரிலேயே வளர்த்தனர். தம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் ஊர்ப்பிள்ளைக்குக் கண்டாலும் ஓடுவதற்கு ஒரே மருத்துவமனைதான். அது அவர்கள் கட்டியது. மலைவாழ் பெண்களுக்கு அவர்களே பயிற்சி தந்து செவிலியராக்கினர்.

பிலிகிரிரங்கன் மலையிலும் நடந்தது இதுவே. நோய்க்கு மருந்து தர வந்தவர் பள்ளி எதற்குத் தொடங்கினார் என்று முதலில் வியந்தோர் உண்டு. அப்பள்ளியில் படித்த சோலிகப் பெண்களுள் சிலர் பேறுகாலச் செவிலியராயினர். மலைமேல் இரவில் ஒரு தாய்க்கு வலி கண்டால், அழைத்தவுடன் வரும் அச்செவிலிக்கு வழி கேட்க வேண்டியதில்லை. நோயாளியின் பெயரையும் கேட்க வேண்டியதில்லை. முறை சொல்லி அழைத்துக்கொண்டே அவள் குடிசைக்குள் நுழைகிறாள்.