பழவேற்காட்டுப் பூநாரைகள்

பெங்குவின் பறவையைப் படத்திலேனும் காணாத மாணவர் இன்று இரார். ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகருக்கு அணித்தாகப் பிலிப் தீவு என்றொரு தீவு உண்டு. அந்தி மயங்கும் வேளையில் அங்கே சிறிய பெங்குவின்கள் கூட்டங்கூட்டமாகக் கடலினின்றும் கரையேறித் தம் வளைகளை நோக்கி நடந்து செல்லும். காண வருவோர் மேடைகளில் ஓசையின்றி அமர்ந்திருப்பர். படம் பிடிப்பதற்கும் அங்கே இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் போல்டர்ஸ் கடற்கரையிலோ, பறவைகளைக் காண்பதற்கெனப் பலகை பரப்பிய நடைபாதை உண்டு. பறவைக்கும் பார்ப்போருக்கும் இடையே ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் பெங்குவின் இயற்கையாக வாழ்வதில்லை. அதற்காக நாம் ஏங்க வேண்டியதும் இல்லை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாக் கரையிலுள்ள சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது அங்குள்ள ஏரிதான். அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அடங்கும், தென்கோடி நம்முடையது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா ஒரு நீண்ட மணல் அணையாகக் கிடக்கிறது. 1971 முதல் விண்ணில் ராக்கெட்டுகளை ஏவும் அதே ஸ்ரீஹரிகோட்டாதான். டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையை இவ்வூரில் எழுப்பினர். இன்று கோட்டை மண்மேடாகிவிட்டது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் சிற்ப வேலைப்பாடு குன்றாமல் நிற்கின்றன. வரலாறு பயிலும் மாணவர் அதற்கென்றே ஒருநாள் செல்லலாம். நான் சென்றது பூநாரைகளைக் காண.

பனிக்காலத்து விடியற்காலை. மீனவர் குப்பத்துப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். படகில் நாங்கள் அறுவர். ஏரி பரந்ததே தவிர ஆழமற்றது. பல இடங்களில் இடுப்பளவு நீர் இருந்தால் மிகுதி. சிறிது தொலைவு சென்றதும் பெரியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றிப் படகைத் தள்ளலானார். வழியில் இருளர் குலப் பெண்கள் சிலர் கழுத்தளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். பிடித்ததை இட்டுவைக்கும் பறியைப் பல்லால் கவ்வியிருந்தனர். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை, விரல்களே கருவி.

அப்பால் நீரின் விளிம்பில் வெளிறிய செந்நிறக் கோடொன்று தெரிந்தது. நெருங்க நெருங்க அக்கோடு நூற்றுக்கணக்கான பறவைகளாகப் பிரிந்தது. ஐந்தடி உயரம், அதில் பாதிக்கு மேல் கால். எல்லாம் தலையை நீருக்குள் தலைகீழாக அமிழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தன.

பூநாரையின் அலகு நடுவில் வளைந்திருப்பதன் பயன் இப்பொழுதுதான் விளங்கும். தலைகீழாய்ப் பிடித்தாலன்றி அது உதவாது. தடித்த நாக்கு பீச்சாங்குழலின் தண்டுபோல் முன்னும் பின்னும் இயங்கிச் சேற்றுநீரை உள்ளிழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரங்களில் சீப்புப் பற்களைப்போல் அமைந்த மென்தகடுகள் நுண்ணிய இறால்களையும் பாசியையும் புழுக்களையும் வடித்து நிறுத்துகின்றன. அவ்விரையிலுள்ள நிறப்பொருளே இறகில் ஏறிச் செந்நிறம் தருகிறது. இவ்வுணவு கிடையாமற்போனால் பறவை வெளிறிவிடும். விலங்குக்காட்சி சாலைகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே பூநாரையின் அழகு ஏரிச் சேற்றின் வளம் என்று சொன்னால் அது கவிதையன்று, வெறும் உண்மை.

எங்களுள் ஓர் இளைஞர், பறவைகள் ஒருங்கே எழுந்து பறக்கும் காட்சியைப் படமெடுக்க விரும்பினார். "பெரியவரே, இயந்திரத்தை முடுக்கி அவற்றின் நடுவே ஓட்டுங்கள், மேற்கொண்டு பணம் தருகிறோம்" என்றார். பெரியவர் கழியை விட்டுக் கையெடுக்கவில்லை.

"வேண்டாம், தம்பி. அவற்றின் பாடு இன்னும் முடியவில்லை" என்றார்.

இளைஞருக்குப் பொருள் புரியவில்லை. எனக்கும் பிறகுதான் விளங்கிற்று. முகத்துவாரத்தை அடுத்து இறால் மிகுதியாகப் படும் இடங்களில் யார் எப்பொழுது வலையிடுவது என்பதற்கு இவ்வூர்களில் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை முறைவைத்து நாட்களைப் பகிர்ந்துகொள்ளும். ஊருக்குள் எவருக்கு எவ்விடம் என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்ப்பர். ஒருவனுடைய பாட்டின்போது மற்றொருவன் அங்கே வலையை இறக்கலாகாது. நல்ல இடம் சிலருக்கே வாய்த்து ஏனையோர் பசித்திராமல் காப்பது இந்த ஒழுங்கு. (குப்பத்திலுள்ள எல்லாருக்கும் இவ்வுரிமை கிட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதனால் பிணக்குகளும் உண்டு.) அம்முறையில் பறவைக்கும் ஒரு பங்கு வைத்தே பெரியவர் பேசினார்.

அவர் மறுத்ததற்கு உயிர்நூலிலும் சான்று உண்டு. பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்ப வல்லதன்று. நீர்மேல் பல அடி ஓடியே காற்றில் ஏறும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அது உண்ணும் பொழுதையும் சேர்த்த வலுவையும் இழக்கிறது. அவ்வலு அதற்கு இன்றியமையாதது. ஏனெனில் இப்பறவைகளுள் பல குஞ்சு பொரிப்பது தொலைவிலுள்ள கட்ச் வளைகுடாவுக்கு வடக்கேயுள்ள ரண் உவர்நிலத்தில். அறிஞர் சலீம் அலி 1945இல் அங்கே சென்று ஆராய்ந்த பேரிருப்பைப் 'பூநாரை நகரம்' என்பர். சேற்றைக் குவித்து மேடாக்கி, அதன் உச்சியில் ஒரே ஒரு முட்டை இடும். தாயும் தந்தையும் மாறிமாறி அடைகாக்கும். தொண்டையில் சுரக்கும் செந்நிறப் பாலைக் குஞ்சுக்கு ஊட்டுவதும் இருவருமே.

இளைஞர் படக்கருவியை மடியில் வைத்துவிட்டார். ஒரு நாழிகை அளவு நாங்கள் அசையாதிருந்தோம். பின்னர், யாரும் விரட்டாமலே, ஒரு சிறு கூட்டம் தானாகவே நீர்மேல் ஓடி எழுந்தது. நிற்கும்போது வெண்மையாகத் தோன்றிய சிறகுகள் விரிந்ததும் உள்ளே குங்குமச் சிவப்பும் ஓரத்தில் கருமையும் வெளிப்பட்டன. இளைஞர் படம் எடுத்தாரோ இல்லையோ, நான் கவனிக்கவில்லை.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. பெரியவர் இயந்திரத்தை விரைந்து ஓட்டினார். மறுநாள் அவருடைய பாடு. கிழிந்த வலையை இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டுமாம்.