கடல் கடந்து வந்த சொட்டு மருந்து



உள்ளூரில் வறியோர் இருக்க, அயல்நாட்டுக்கு எதற்கு நிதி? சேவைச் சங்கத்தார் உண்டியல் ஏந்தும்போதெல்லாம் எழும் வினா இது. நியாயமான வினாவே. ஆயினும் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தார் இதனைக் கேட்குமுன் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் நலம்.

1979ஆம் ஆண்டில் ரோட்டரி சங்கத்தார் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகள் ஏறத்தாழ 60 இலட்சம் பேருக்கு இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து வழங்க முன்வந்தனர். 1985இல் அப்பணி உலகளாவிய போலியோ பிளஸ் திட்டமாக விரிந்தது. 12 கோடி டாலர் வேண்டினர். 1988க்குள் 24 கோடியே 70 இலட்சம் திரண்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்து ஈந்தவர்க்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் அயல்நாட்டு ஊர்களே. தோல் பதனிடுவோர் வீட்டுப் பிள்ளையின் முகத்தை அவர்கள் கண்டதில்லை.

பணம் மட்டும் பிள்ளையின் வாயில் சொட்டாகி விழாது. குறித்த நாளில் ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒருசேர மருந்து தரும் முறையை, கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் வேலூரிலேயே செய்து காட்டினார். 1995இல் அம்முறை நாடெங்கும் பரவியது. ஞாயிறுதோறும் ஓய்வை விரும்பாதார் யார்? அவ்வோய்வை விடுத்து, பனிக்கட்டிப் பெட்டியருகே நின்று பிள்ளைகளின் சுண்டுவிரலில் மையிட்ட தொண்டர்கள் எண்ணிலர்.

இந்தியாவின் கடைசி நோயாளி, 2011 சனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்ட சிறுமி. 2014 மார்ச் 27இல் நாடு நோயற்றதெனச் சான்று பெற்றது.

ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் அந்நோய் இன்னும் ஒழிந்தபாடில்லை. அங்குள்ள தாய்க்கு வேலூர்தான் அயல்நாடு.