புளூமின் கணக்கும் ஒருநாள் டப்ளினும்



வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நமது மொழி. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வெறுங்கையோடு எதிரே வரும் கலைஞனை மறித்து, இந்த வழியாற் போ, இந்த ஊரில் இன்ன உணவு கிடைக்கும், இந்த மலைச்சரிவிற் கவனமாக நட என்று சொல்லுகின்றான். செல்வனுக்கு ஆற்றுப்படை வேண்டியதில்லை. அது வறியவனின் வழிகாட்டி.

இன்றைய பேச்சும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஐரோப்பிய நகரம் ஒன்றை, ஒரே நாளில், சுருங்கிய செலவிற் பார்த்து மீள்வது எப்படி என்பது பொருள். நகரம், அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளின். இலண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகின்ற பெற்றோர் இன்று நம்மிடையே பலர். அவர்களுள் இலக்கிய நாட்டமுடையோர்க்கு இது பயன்படும். போக வாய்ப்பில்லாதவர்க்கும் பயன்படும் என்பதைப் பேச்சின் முடிவிற் சொல்கிறேன்.

ஏன் டப்ளின்? காரணங்கள் மூன்று. ஒன்று, அதன் மையப் பகுதியை நடந்தே கடந்துவிடலாம். இரண்டு, அங்குள்ள தேசிய நூதனசாலை, தேசிய ஓவியக்கூடம், தேசிய நூலகம் ஆகியவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மூன்றாவது காரணமே என்னைப் பெரிதும் கவர்ந்தது. அந்த நகரின் ஒரே ஒரு நாளை, காலை 8 மணி தொடக்கம் நள்ளிரவு கடந்த நேரம் வரை, ஒரு பெருநாவலாக எழுதி வைத்திருக்கின்றார் ஜேம்ஸ் ஜொய்ஸ். நாவல் யுலிசிஸ். நாள் 1904 ஜூன் 16. நூல் பாரிஸ் நகரில் வெளியானது 1922 பெப்ரவரி 2இல்.

ஒரு நகரின் பகலையும் இரவையும் பாடுவது நமக்குப் புதிதன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டி, யாமங்களைக் கடந்து, விடியல்வரை வருகின்றது. ஆனால் மருதனார் பாடியது பாண்டியன் நெடுஞ்செழியனின் தலைநகரை. ஜொய்ஸ் காட்டுவது விளம்பரம் சேகரித்துப் பிழைக்கும் லியோபோல்ட் புளூம் என்ற நடுத்தர மனிதன் நடந்த நகரை. புளூம் கையிற் காசை எண்ணிப் பார்த்துச் செலவழிப்பவன். அதனாலேதான் அவன் நமக்கு ஏற்ற வழித்துணை.

அந்த நாவலின் 17ஆம் அத்தியாயத்தில் வியப்பான ஒரு பக்கம் இருக்கின்றது. புளூமின் அன்றைய வரவு செலவுக் கணக்கை, கடைக்காரனின் பேரேடு போல, இருபக்கமும் சமப்படுத்தி ஜொய்ஸ் எழுதிவிடுகின்றார். 12 பென்னி ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண் என்ற பழைய கணக்கு அது. காலையிற் கையிலிருந்தது 4 சிலிங் 9 பென்னி. பத்திரிகை நிறுவனத்திடம் பெற்ற தரகு 1 பவுண் 7 சிலிங் 6 பென்னி. செலவுப் பக்கத்தில் டிராம் வண்டிக்கு 1 பென்னி, மதிய உணவுக்கு 7 பென்னி, இரவு உணவுக்கு 2 சிலிங் என்று வரிசையாக வருகின்றன. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நமது பயணத் திட்டத்துக்கு அதுவே அளவுகோல்.

முதலில் முன்னேற்பாடுகள். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் இங்கிலாந்துக்குப் பெற்ற விசாவைக் கொண்டு அயர்லாந்துக்குள் நுழைய முடியாது. அயர்லாந்து வேறு நாடு. அதற்குத் தனி விசா வேண்டும். விசாக் கட்டணத்தையும் கணக்கிற் சேர்த்த பின்னரே மலிவா இல்லையா என்று பேசவேண்டும். அங்கே குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கு இந்தத் தடை இல்லை.

இலண்டனிலிருந்து டப்ளினுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். முன்கூட்டிப் பதிவு செய்தால் மிகக் குறைந்த விலையிற் சீட்டுகள் கிடைப்பதுண்டு. ஆயினும் அந்த விலையைக் கண்டு மயங்கலாகாது. மலிவு விமானங்கள் பல நகருக்கு வெகு தொலைவிலுள்ள நிலையங்களிலிருந்து அதிகாலையிற் புறப்படுபவை. அந்த நேரத்தில் அங்கே போய்ச் சேரும் செலவு, பறக்கும் செலவை விஞ்சிவிடலாம். பெட்டிக்கு வேறு காசு. ஆகவே தோளில் மாட்டும் சிறு பை ஒன்றே போதும். விமானம் வேண்டாதவர் வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகம் வரை புகையிரதத்திலும், அங்கிருந்து கப்பலிலும் போகலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு உண்டு. நேரம் கூடும் என்பதால் இரவுப் பயணமாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதம் போவது? ஜூன் மாதத்தில் டப்ளினிற் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின்னரே இருட்டிவிடும். ஒருநாட் பயணிக்குப் பகல் வெளிச்சம்தான் பெரிய மூலதனம். அதை இலவசமாகத் தரும் மாதம் ஜூன். ஆனால் ஜூன் 16ஐத் தவிர்த்துக்கொள்ளலாம். 1954 தொடக்கம் அந்த நாளைப் புளூமின் நாள் என்று கொண்டாடுகின்றார்கள். கூட்டமும் விலையும் ஏறும். திங்கட்கிழமையும் வேண்டாம். நூதனசாலைகள் சில அன்று பிந்தியே திறக்கும்.

விமான நிலையம் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. விரைவுப் பஸ்களை விட்டுச் சாதாரண நகரப் பஸ்ஸிலேயே ஏறுங்கள். லீப் என்ற பயண அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டால், 90 நிமிடத்துக்குள் பஸ், டிராம், கரையோரப் புகையிரதம் மூன்றிலும் மாறி மாறி ஏறலாம். 2022இல் இந்தக் கட்டணம் வளர்ந்தோருக்கு 2 யூரோவாகக் குறைக்கப்பட்டது. புறப்படுமுன் அன்றைய கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நகரை அடைந்ததும் நில்லாமல், டார்ட் எனப்படும் கரையோரப் புகையிரதத்திற் சாண்டிகோவ் என்ற இடத்துக்குப் போய்விடுங்கள். ஏறக்குறைய அரைமணிப் பயணம். இடப்பக்கத்துச் சன்னலருகே இருந்தால் டப்ளின் விரிகுடா முழுவதும் கண்ணிற்படும். கடலோரத்தில் உருண்டையான கற்கோபுரம் ஒன்று நிற்கின்றது. நெப்போலியனின் படையெடுப்புக்கு அஞ்சி 1804இற் கட்டியது. 1904 செப்டெம்பரில் இளைஞரான ஜொய்ஸ் சில நாட்கள் அங்கே தங்கியிருந்தார். நாவல் தொடங்குவதும் அந்தக் கோபுரத்தின் உச்சியிலேதான். 1962 முதல் அது ஜொய்ஸ் நூதனசாலை. தொண்டர்களே நடத்துகின்றார்கள். கட்டணம் இல்லை. விரும்பினால் உண்டியலில் ஏதேனும் போடலாம்.

அங்கிருந்து திரும்பிப் பியர்ஸ் நிலையத்தில் இறங்குங்கள். அருகே லிங்கன் பிளேஸ் என்ற வீதியில் ஸ்வெனி என்ற பழைய மருந்துக்கடை. புளூம் எலுமிச்சை மணக்கும் சவர்க்காரம் ஒன்றை இங்கே எடுத்துக்கொண்டு, காசைப் பிறகு தருவதாகச் சொல்லிப் போகின்றான். 2009இல் மருந்துக்கடை மூடப்பட்டது. அதன்பின் ஆர்வலர் சிலர் அதை அப்படியே பேணி, ஜொய்ஸின் நூல்களைக் கூடியிருந்து வாசிக்கும் இடமாக்கிவிட்டனர். இன்றும் அந்தச் சவர்க்காரம் அங்கே விற்கின்றது. வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு நினைவுப்பொருள் வேண்டுமென்றால் அதுவே போதும்.

இரண்டு நிமிட நடையில் தேசிய ஓவியக்கூடம். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரே ஓர் ஓவியத்தின் முன் நில்லுங்கள். இயேசுவைப் படைவீரர் பிடிக்கும் காட்சியைக் கரவாஜியோ தீட்டியது. தொலைந்துவிட்டதென்று கருதப்பட்ட அந்த ஓவியம், டப்ளினில் இயேசு சபைத் துறவியர் இல்லத்துச் சுவரில், வேறொருவர் பெயரிற் தொங்கிக்கொண்டிருந்தது. 1990இல் அடையாளங் கண்டு, 1993இல் இக்கூடத்திற் காட்சிக்கு வைத்தார்கள். சாப்பாட்டறையில் விலையறியாமல் தொங்கிய செல்வத்தை இன்று எவரும் விலையின்றிக் காணலாம்.

மதிய உணவுக்குப் பாண், பாற்கட்டி, பழம் என்று கடையில் வாங்கி, எதிரேயுள்ள மெரியன் சதுக்கப் பூங்காவில் அமர்ந்து உண்ணலாம். புளூம் உண்ட டேவி பேர்ண் விடுதி டியூக் வீதியில் இன்றும் இருக்கின்றது. அவன் உண்ட பாற்கட்டிச் சாண்ட்விச்சும் கிடைக்கும், ஆனால் 7 பென்னிக்கு அல்ல.

பிற்பகலில் ஓகொனல் வீதிப் பக்கம் போய்விடுங்கள். 1988இல் நகரத்தார் நாவலின் 8ஆம் அத்தியாயத்திற் புளூம் நடந்த பாதையில் 14 வெண்கலத் தகடுகளை நடைபாதையிலேயே பதித்தார்கள். அவற்றைத் தேடிக்கொண்டே லிஃபி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, திரினிற்றிக் கல்லூரி வாயிலைத் தாண்டி, கிறாப்டன் வீதி வழியாகக் கில்டேர் வீதிக்கு வந்துவிடலாம். காசு கேளாத வழிகாட்டிகள் அந்தத் தகடுகள். கில்டேர் வீதியில் நூதனசாலையும் தேசிய நூலகமும் அருகருகே நிற்கின்றன. இரண்டுமே 1890இல் திறந்த கட்டடங்கள். நாவலில் இரண்டுக்கும் இடமுண்டு.

விடவேண்டியவற்றையும் சொல்லவேண்டும். திரினிற்றிக் கல்லூரியிலுள்ள கெல்ஸ் ஏட்டுப் பிரதியைப் பார்க்கக் கட்டணம் அதிகம். பழஞ்சுவடி பார்க்கும் ஆவலுள்ளோர் டப்ளின் கோட்டை வளவிலுள்ள செஸ்டர் பீற்றி நூலகத்துக்குப் போகலாம். கட்டணமின்றி, கி.பி. 200ஐ அண்டிய விவிலியப் பாப்பிரஸ் ஏடுகளை அங்கே காணலாம். ஆனால் ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை விடவேண்டும். ஒரு நாள் என்பது வெண்பாவைப் போன்றது. சீர் கூடினாற் தளை தட்டும்.

இனிக் கணக்கேட்டுக்கு வருவோம். புளூமின் கணக்கு இருபக்கமும் சமப்படுகின்றது. எனினும் அது உண்மைக் கணக்கன்று. அன்றிரவு அவன் போகத்தகாத ஓரிடத்திற் கொடுத்த பணம் அதில் இல்லை. மனைவிக்குக் காட்டமுடியாத செலவைக் கணக்கு விழுங்கிவிட்டது. கூட்டுத்தொகை சரி, குற்றம் வரியில் இருக்கின்றது. மலிவுப் பயண விளம்பரங்களும் இப்படிப்பட்டவையே. சீட்டு விலை இருக்கும். விசாவும், பெட்டியும், அதிகாலை வண்டியும் இரா.

அதே கணக்கில் வேறு இரண்டு வரிகள் உண்டு. அன்று அடக்கம் செய்யப்பட்ட டிக்னம் என்ற நண்பனின் குடும்பத்துக்குப் புளூம் கொடுத்தது 5 சிலிங். அவனுடைய மதிய உணவும் இரவு உணவும் சேர்ந்து 2 சிலிங் 7 பென்னி. இறந்தவன் வீட்டுக்குக் கொடுத்தது அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. மற்றது, ஆற்றங்கரையில் ஒரு பென்னிக்கு இரண்டு பணிகாரம் வாங்கிக் கடற்பறவைகளுக்குப் பிய்த்துப் போட்டது. தன் வயிற்றுக்குச் சிக்கனம் பிடித்தவன் பிறர் பசிக்கு அதைப் பிடிக்கவில்லை. சிக்கனத்துக்கும் கருமித்தனத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த நீதிநூலும் எனக்குக் காட்டியதில்லை.

மாலையில் ஆற்றோரமாகக் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால், மெலிந்து கந்தல் சுற்றிய மனித உருவங்கள் சில துறைமுகத்தை நோக்கித் தள்ளாடி நடப்பதைக் காண்பீர்கள். 1997இல் அங்கே நிறுவிய வெண்கலச் சிலைகள் அவை. 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்திற் பத்து இலட்சம் பேரளவில் இறந்தனர். அவ்வளவு பேர் கப்பலேறி நாடுவிட்டுப் போயினர். நூதனசாலைக்குள் அடங்காத வரலாறு தெருவில் நிற்கின்றது. அதன்பின் விமான நிலையப் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

ஜொய்ஸும் நாடுவிட்டுப் போனவர்தான். 1912க்குப் பிறகு அவர் டப்ளினை மிதிக்கவே இல்லை. திரியெஸ்தே, சூரிச், பாரிஸ் ஆகிய ஊர்களிலிருந்து, வீதிவாரியாகப் பெயர் குறித்த பழைய விவரக்கொத்து ஒன்றை வைத்துக்கொண்டு எழுதினார். எக்கிள்ஸ் வீதி 7ஆம் இலக்க வீட்டின் வேலியை ஒரு சாதாரண மனிதன் தாண்டி இறங்க முடியுமா என்று டப்ளினிலிருந்த தம் மாமிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அந்த வீடு பின்னர் இடிக்கப்பட்டது. கதவு மட்டும் இன்று ஜொய்ஸ் நிலையத்திற் பாதுகாக்கப்படுகின்றது. வீடு போயிற்று. புத்தகத்தில் வேலியின் உயரம் வரை இருக்கின்றது.

போகமுடியாதவர்க்கும் இது பயன்படும் என்றேனல்லவா? நானும் டப்ளினைக் கண்டவனல்லன். நாவலையும் வரைபடத்தையும் மேசையில் விரித்தே இந்த வழியைச் சொன்னேன். அதைப்போல உங்கள் ஊரின் ஒருநாளை எழுதிப் பாருங்கள். எந்தச் சந்தியில் எந்தக் கடை இருந்தது, தேநீர் என்ன விலை, எந்த வீட்டுப் படலை எவ்வளவு உயரம்? 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவிற் பெயர்ந்தோர் பலரின் நினைவில் இவை இன்னும் இருக்கின்றன. எழுதாவிட்டால் அவர்களோடு போய்விடும். இதற்கு ஒரு கொப்பியும் பேனையும் தவிர வேறு செலவில்லை. கணக்கு எழுதும்போது மட்டும் எந்த வரியையும் மறைக்காதீர்கள், பறவைக்குப் போட்ட ஒரு பென்னியையும்கூட.