கோடை விருந்தும் குளிர்பானமும்

அந்தமானில் மே மாதம் பருவமழை இறங்கும் வரையில் வெயில் கடுமையாகவே இருக்கும். பெரார்கஞ்ச் போன்ற ஊர்களில் தண்ணீர் குறையும் இக்காலத்தில், விருந்துக்கு வருவோருக்குப் பருக எதைத் தரலாம் என்று பார்ப்போம்.

மேனாட்டு விருந்துகளில் 'பஞ்ச்' என்றொரு பானம் உண்டு. மது, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நீர், வாசனைப் பொருள் ஆகிய ஐந்தும் சேர்வதால், 'பஞ்ச' என்னும் நம் நாட்டுச் சொல்லே அதற்குப் பெயராயிற்று என்பர். இராமநவமியன்று நாம் வழங்கும் பானகத்திலும் பொருள்கள் ஐந்தே: நீர், வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம். மது மட்டும் இல்லை.

பத்துப் பேருக்கு 2 லிட்டர் நீரில் 300 கிராம் வெல்லத்தை இட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுக. ஆறிய பின்னரே 4 எலுமிச்சம்பழங்களின் சாற்றையும், ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடியையும், சிறிது ஏலப்பொடியையும் சேர்க்க வேண்டும். தீவில் விளையும் அன்னாசியைப் பொடியாக நறுக்கி இட்டால் சுவை மிகும்.

ஐந்தினுள் நம் கவனத்துக்கு முதலில் உரியது நீரே. கொதியாத நீர் ஒரு குடம் கலந்தாலும், பந்தியில் அமர்ந்த அனைவருக்கும் பேதியோ மஞ்சட்காமாலையோ வரக்கூடும். எலுமிச்சையின் புளிப்பு அக்கிருமிகளை அழித்துவிடும் என்று நம்பலாகாது. உறைந்தாலும் அவை முற்றும் மடிவதில்லை. ஆகவே கடைப் பனிக்கட்டியைப் பானத்தில் இடாமல், பாத்திரத்தைச் சுற்றி அடுக்கிக் குளிரச் செய்வதே நன்று.

கொதிக்கவைக்க வசதியில்லையெனில், தீவெங்கும் தென்னை இருக்கிறது. அவ்வப்போது சீவித் தரும் இளநீரைவிடத் தூய பானம் வேறு வேண்டுவதில்லை.